காக்கை வந்த நாட்களின் மழை

ஓய்வு பெற்றவன் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். அதனால்தான் என் பிரிவுபசாரத்தன்று வாயைத் திறக்காமல் சமோசாவை மட்டும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நீங்களே கேட்கிறீர்கள், களப்பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று. அதுவும் தமிழில். உங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவீர்கள், சண்டை ஹிந்தியில் போடுவீர்கள், வாசிப்பது இங்கிலீஷ் மட்டும்தான். பரவாயில்லை. வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கருவிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வண்டிப் புகை, ஆலைப் புகை, சாக்கடை, மாட்டுத் தொழுவம், வயலில் போடும் யூரியா, எல்லாவற்றிலிருந்தும் நைட்ரஜன் மேலே போகிறது, உருமாறி மழையோடு கீழே வருகிறது. நகரத்தில் எவ்வளவு விழுகிறது, கிராமத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளப்பது நம் பிழைப்பு. ஒரு புனல், அதன் கீழே ஒரு பாட்டில், அதற்குள் கெட்டுப்போகாமலிருக்க ஒரு சிட்டிகை தைமால். பாட்டிலைத் திறந்தால் ஓம வாசனை அடிக்கும். என் பெண்டாட்டி முப்பது வருஷமும் எனக்கு அஜீரணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். மீதி வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். மெஷின் பார்க்காத ஒன்று உண்டு. அந்தப் புனலை நீங்கள் யாரோ ஒருவருடைய கூரையில் கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கதை. நகரத்தைத் தாண்டி, கர்ஜத்துக்கு அப்பால் மழை அளக்க நமக்கு ஒரு கிராமத்து மையம் இருந்தது. ஒரு விவசாயியின் களத்தை ஒட்டி. ஒரு வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. ஆனால் நம் பாட்டிலில் மட்டும் தண்ணீர் இருந்துகொண்டே இருந்தது. மழைமானியில் ஒன்றுமில்லை, பாட்டில் பாதி நிறைந்திருக்கிறது. மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் அந்த மனிதரே சொன்னார். நாங்கள் அவ்வளவு தூரம் ரயிலிலும் ஆட்டோவிலும் வந்து காலிப் பாட்டிலைப் பார்த்து முகம் வாடிப் போவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லையாம். கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றியிருக்கிறார். நல்ல தண்ணீர்தான், நாங்கள் குடிப்பதுதான் என்று வேறு உறுதி சொன்னார்.

அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்க வேண்டியதில்லை. நம் முகம் வாடினால் அதைச் சரிசெய்ய ஜனங்கள் ஏதாவது செய்வார்கள் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் தாராவியில் நடந்தது கொஞ்சம் முன்னாலேயே கண்ணில் பட்டிருக்கும்.

நகரத்தில் நமக்கு மூன்று கூரைகள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி, டிராம்பே ஆலைகளின் காற்று அங்கே வரும். மாட்டுங்காவில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியின் மொட்டைமாடி. மூன்றாவது தாராவியில் வடிவு என்கிற பெண்ணின் வீட்டு மேல். வடிவு திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவர் பை தைக்கும் பட்டறையில் வேலை. இவள் வீட்டில் உட்கார்ந்து தைத்த பைகளில் தொங்கும் நூலை வெட்டிக் கொடுப்பாள். அந்தச் சந்தில் மற்ற வீடுகளெல்லாம் தகரக் கூரை. இவர்கள் வீட்டுக்குத்தான் சிமெண்ட் தளம் போட்டிருந்தது. அதில் ஏற ஓர் இரும்பு ஏணி.

அந்தக் கூரையைக் கேட்டு வாங்கியவர் நம் களப்பிரிவில் இருந்த ஒரு மாஹிம்காரர். பேச்சில் கெட்டிக்காரர். சந்தில் வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை. வடிவு மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். இது காத்துல என்ன இருக்குன்னு சொல்லுமா? சொல்லும் என்று இவர் சொன்னார். பொய் இல்லை. நாங்களும் பக்கத்தில்தான் நின்றோம். எங்களுக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. அவள் உடனே சரி என்றாள். ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றாள் என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்று புனலை மாட்டிவிட்டு வந்தோம்.

மழை தொடங்கியது. தாராவிப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீணாயின.

காரணம் காக்கை. வடிவு தினமும் காலையில் சோறு பொங்கியதும் ஒரு கவளம் தளத்துச் சுவரில் வைத்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் வைப்பாள். நம் வீடுகளில் இல்லாத வழக்கமா? அந்தத் தளத்தில் உயரமான இடம் நம் புனல். காக்கைகள் சோற்றுக்குக் காத்திருக்கும்போது அதன் விளிம்பில் உட்கார்ந்தன. எச்சம் உள்ளே விழுந்தால் அந்தப் பாட்டில் அவ்வளவுதான். அதிலிருக்கும் அம்மோனியம் மழையில் வந்ததா, காக்கையிடமிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. பாஸ்பேட் எகிறியிருந்தால் பறவைக் கழிவு என்று குறித்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இது விதி. நல்ல விதி. அதோடு எனக்கு இப்போதும் சண்டை இல்லை.

புனலைச் சுற்றிக் கம்பி முள் வைத்துப் பார்த்தோம். முள்ளுக்கு நடுவில் காலை வைத்து உட்கார்ந்தன. சற்று மேலே ஒரு வளையம் மாட்டினோம், உட்காருவதாக இருந்தால் அதில் உட்காரட்டும் என்று. உட்கார்ந்தன, வாலை உள்பக்கம் வைத்துக்கொண்டு. காக்கையிடம் நம் படிப்பெல்லாம் செல்லாது.

இந்த நேரத்தில் பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். தாராவியை விட்டுவிடுங்கள், மாட்டுங்கா கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது, அந்த எண்ணையே நகரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது நம் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவரை உங்களில் யாரும் பார்த்ததில்லை. பெயர் சொன்னால் கோபிப்பார். எல்லோருக்கும் அவர் டாக்டர். செம்பூர்ப் பெண், என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மரமும் மொட்டைமாடியும், அந்தப் பக்கம் சாக்கடையும் பட்டறையும், இரண்டுக்கும் ஒரே மழை என்று எழுதினால் அந்தப் பக்கத்து ஜனங்களை எண்ணவே இல்லை என்று அர்த்தம் என்றார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, மீதி மழைக்காலத்தில் தேவையான அளவு நல்ல பாட்டில்கள் வந்தால் தாராவி இருக்கட்டும், வராவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு பாட்டில்கள் சுத்தமாக வர ஆரம்பித்தன.

ஒன்று, இரண்டு என்றில்லை. வரிசையாக. பாஸ்பேட் இல்லை, எச்சம் இல்லை, ஓம வாசனையும் மழையும் மட்டும். மாஹிம்காரர் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். வளையத்தைக் கடைசியாக லேசாகச் சாய்த்து மாட்டியது நான்தான் என்பதால் பாராட்டெல்லாம் எனக்கு வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். ஆனால் மனதில் ஒரு உறுத்தல். அளவு கெட்டுப்போனால் ஏன் என்று தலைகீழாக நின்று தேடுகிறோம். திடீரென்று நன்றாக வந்தால் யாரும் தேடுவதில்லை. இதை மட்டும் எங்காவது எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஸயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. ஆபீஸுக்குப் போக வழியில்லை. பாட்டில் நிரம்பி வழிந்திருக்குமோ என்ற கவலையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் தாராவிக்கு நடந்தேன். ஏணியில் ஏறும்போதே மேலே வடிவின் குரல் கேட்டது. யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். தலையை மட்டும் தளத்துக்கு மேலே நீட்டிப் பார்த்தேன்.

தலையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்கிறாள். கையில் துணி காயப்போடும் நீளக் கழி. எதிர்வீட்டுத் தண்ணீர் டாங்கியில் நாலைந்து காக்கைகள். ஒன்று மட்டும் விடாமல் புனல் பக்கம் பறந்து பறந்து வருகிறது. அவள் கழியை ஓங்குகிறாள், அடிக்கவில்லை.

“போளா, அந்தால போ. மழ முடியட்டும், பொறவு வா. அம்மா சொல்லுதேன்லா.”

நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கழியைக் கீழே போட்டுவிட்டு, பாட்டில் சுத்தமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

கீழே வீட்டில் பைகளை ஒதுக்கி எனக்கு உட்கார இடம் செய்து, டீ போட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. மாஹிம்காரர் ஒரு நாள் அவள் கணவரிடம், உங்க காக்காவால எங்க சாம்பிள் எல்லாம் குப்பைக்குப் போகுது, இப்படியே போனா டப்பாவைக் கழட்டிடுவாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சோறு வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே நிறுத்திவிட்டாள். சோற்றை நிறுத்தியும் காக்கைகள் வந்ததால் மழை பெய்யும்போதெல்லாம் மேலே ஏறி விரட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆனந்தி என்று ஒரு மகள் இருந்தாள். பத்தாவது படிக்கும்போது இறந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஸயான் ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று கணக்கே இல்லை என்றாள். மகள் போன பிறகுதான் தினமும் சோறு வைப்பது. முதலில் ஒரே ஒரு காக்கை வருமாம், அது கொத்திய பிறகுதான் மற்றவை இறங்குமாம். ஆனந்தியும் அப்படித்தான், பந்தியில் முதல் ஆள் என்று சொல்லிச் சிரித்தாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டாள்.

“இன்னும் எத்தன மழ வேணும் ஸார், தெரியறதுக்கு?”

என்ன தெரிவதற்கு என்றேன்.

“எம் பிள்ள நெஞ்சுக்குள்ள என்ன போச்சுன்னு.”

பதில் எனக்குத் தெரியும். நம் பாட்டில் அதைச் சொல்லாது. அது இந்த வருஷத்து மழை. அதுவும் தரையில் விழுந்த நைட்ரஜனின் கணக்கே தவிர, ஒரு குழந்தை இழுத்த மூச்சின் கணக்கு இல்லை. டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஆபீஸில் பெரிய விவாதம் நடந்தது. மழைக்காலம் முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, முடிந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். அவளாகத்தானே செய்கிறாள், நாமா கேட்டோம் என்றார் ஒருவர். இப்போது போய்ச் சொன்னால் அவள் சோறு வைப்பாள், காக்கை வரும், தாராவி கையை விட்டுப் போகும், டாக்டர் போட்ட சண்டையெல்லாம் வீண் என்றார் மாஹிம்காரர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் வீடும் தாராவிச் சாக்கடைக்கு அந்தக் கரையில்தான். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

வடிவின் வீட்டில் தரையில் நூல் குப்பைக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“இந்த பாட்டில் ஆனந்தியப் பத்தி ஒண்ணும் சொல்லாதும்மா. அதுக்கு அவளத் தெரியாது. இந்த வருஷம் இந்தக் கூரைமேல என்ன விழுந்ததுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நீங்க காக்காவுக்குச் சாதம் வையுங்கோ. டப்பாவ நாங்க எடுத்துண்டு போயிடறோம்.”

வடிவு கையிலிருந்த கத்தரிக்கோலால் ஒரு பையின் நூலை வெட்டினாள், அடுத்த பையை எடுத்தாள், அதையும் வெட்டினாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. உண்மையைச் சொல்வது கஷ்டம் என்கிறார்கள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வடிவு, எம் பிள்ளைக்கு இல்லன்னாலும் வேற யாரு பிள்ளைக்காவது ஆகும்லா என்று கேட்டாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஆகும் என்று சொல்லியிருப்பேன். யார்தான் சொல்லமாட்டார்கள்? டாக்டர், ஆகலாம், ஆகாமலும் போகலாம், எழுதி வைத்தால் யாராவது பார்ப்பார்கள், எழுதாவிட்டால் பார்க்கவே மாட்டார்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும் என்றார்.

“அப்போ இருக்கட்டும். மழ முடியுத வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். அவகிட்டச் சொல்லிட்டேன்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. விரட்டுவதற்கு நாங்கள் ஆள் போடுகிறோம் என்றதற்கு, வேற ஆளு விரட்டுனா பயந்துரும் ஸார், நான்னா அதுக்குத் தெரியும் என்றாள். மழைக்காலம் முடியும் வரை அவளே மேலே ஏறி நின்றாள். பாட்டில்கள் சுத்தமாக வந்தன. மாஹிம்காரர் அதற்குப் பிறகு வடாபாவ் வாங்கவில்லை. கொஞ்ச காலத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

தாராவி பிழைத்தது. அறிக்கை அச்சாகி வந்தபோது டாக்டர் ஒரு பிரதியை என்னிடம் கொடுத்து, வடிவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், நானும் வர வேண்டும், ஆனால் டெல்லிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். நான் போனேன். நல்ல வெயில். வடிவு முன்பைவிட இளைத்திருந்தாள். டப்பாவைக் கழற்றிய அன்றே மறுபடியும் சோறு வைக்க ஆரம்பித்துவிட்டாளாம். காக்கைகள் வரவில்லை. எதிர்வீட்டு டாங்கியில் உட்கார்ந்து பார்க்கின்றன, இறங்குவதில்லை. காய்ந்த சோற்றை மறுநாள் வழித்துப் போட்டுவிட்டுப் புதுச்சோறு வைக்கிறாள். அம்மா மேல் அவளுக்குக் கோபம், நான் கழியை ஓங்கினேன் இல்லையா என்றாள். காக்கைக்கு முகமெல்லாம் ஞாபகம் இருக்கும், விரட்டியவர்களை மறக்க நாளாகும், போகப் போக வரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முகம் ஞாபகம் இருக்கும் என்றதற்கு மட்டும் தலையை ஆட்டினாள்.

அறிக்கையில் எங்கள் கூரை எது என்று கேட்டாள். அட்டவணையைக் காட்டினேன். கிராமம் ஒரு வரிசை, செம்பூர் ஒரு வரிசை, மாட்டுங்கா ஒரு வரிசை, தாராவி தனியாக ஒரு வரிசை. அம்மோனியத்தில் தாராவிதான் எல்லாவற்றுக்கும் மேலே. கிராமத்திலும் குறைவில்லை, யூரியாவும் மாடும் இருக்கிறதே என்று விளக்கினேன். எங்க ஊர்ல காசு குடுத்து வாங்கிப் போடுதாவ, இங்க சும்மாவே விழுதாக்கும் என்று கேட்டு லேசாகச் சிரித்தாள். தாராவி என்ற எழுத்தின்மேல் விரலை வைத்து, அந்த வரிசையோடு நகர்த்திக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அது என்ன என்றாள்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். மழைக்காலத்தின் முற்பகுதியில் இந்த மையத்தில் எடுத்த மாதிரிகள் பறவைக் கழிவு கலந்ததால் நிராகரிக்கப்பட்டன.

அவளுக்குப் புரியவில்லை. காக்கை வந்த நாட்களின் மழையை இதில் சேர்க்கவில்லை என்று விளக்கினேன். விரல் அந்த நட்சத்திரத்தின் மேலேயே இருந்தது.

“அப்போ அவ வந்த அன்னைக்கெல்லாம் உள்ள தண்ணியக் கீழ கொட்டிட்டீயளா?”

ஆமாம் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அறிக்கையை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். மழத் தண்ணிதான என்றாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்த் தட்டில் ஒரு கவளம் சோறு எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். எனக்கு மேலே போகத் தைரியம் வரவில்லை. கா கா என்று அவள் கூப்பிடுவது சந்தில் நடக்கும்போது கொஞ்ச தூரம் வரை கேட்டது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குறிப்பு இல்லாமல் அறிக்கை வெளியிட முடியாது, அது உங்களுக்கும் தெரியும் என்றார். தெரியும். நீங்களும் எழுதத்தான் வேண்டும். எச்சம் விழுந்தால் கொட்டுங்கள், குறியுங்கள், விதியை மாற்ற வேண்டாம். கொட்டும் முன் ஒரு முறை ஏணியில் ஏறி, அந்தக் காக்கை யாருக்காக வருகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்த முழு அறிக்கையில் ஆனந்தியைப் பற்றி இருப்பது பறவைக் கழிவு என்ற அந்த ஒரு வரிதான்.